மற்றும் பலர்

அன்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை மகள் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். கடையிலுள்ள தையல் எந்திரங்கள் இரண்டில் ஒன்று நலம். அம்மாவின் நலத்தை நீங்கள் விசாரிக்க மாட்டீர்கள் என்பதால், விசாரித்ததாகவே வைத்துக்கொண்டு, அவரும் நலம் என்று தெரிவித்துக்கொள்கிறேன். அங்கே உங்கள் நலத்தையும் பெரியப்பாவின் முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல். இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. கீழே எந்திரம் ஓடும் சத்தம் கேட்கிறது. அது நிற்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

விஷயம் இதுதான். நம் வானொலி நிலையம் வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு மத்திய அலை ஒலிபரப்பை நிறுத்திக்கொள்கிறது. திங்கட்கிழமை முதல் கைபேசியில்தானாம். நான்கு மணி நேயர் விருப்பம் அன்றைக்குக் கடைசி முறையாக வருகிறது. அதைக் கேட்க நீங்கள் இங்கே வரவேண்டும்; வந்து, பன்னிரண்டு வருடம் கழித்து, அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவேண்டும். இந்த இடத்தில் கடிதத்தைக் கிழிக்கத் தோன்றும். முழுக்கப் படித்துவிட்டுக் கிழியுங்கள். எப்படியும் கிழிக்கிற காகிதம்தானே.

"எனக்கென்ன அந்த ஸ்டேஷன்? இந்த ஊர்ல அது எடுக்கவே எடுக்காது" என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னீர்கள். நம்பினேன். ஆனால் ஐந்து ஞாயிறுகள் நான்கிலிருந்து நான்கரைக்குள் அழைத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட நீங்கள் எடுக்கவில்லை. நாலு முப்பத்தொன்றுக்கு அழைத்தால் முதல் மணியிலேயே எடுக்கிறீர்கள். பெரியப்பாவிடம் கேட்டேன். "ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, அதுமேல ரேடியோவை வச்சு, அதை வடக்கே திருப்பி, தானும் வடக்கே திரும்பி உக்காந்துக்குறா. நான் குறுக்கே போனா ஸ்டேஷன் போயிடுதாம். அரைமணி நேரம் எனக்குத் தண்ணி கிடையாது" என்றார். அவரைத் திட்டாதீர்கள். உண்மையைச் சொல்லி வெகுநாள் ஆயிற்றே என்ற ஏக்கத்தில் சொல்லிவிட்டார். இங்கேயும் அதே கதைதான். அந்த அரைமணி நேரத்தில் தொலைபேசி அடித்தால் அம்மா அதன்மேல் தலையணையைப் போடுகிறார். இரண்டு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இரண்டு பேர், ஒரே பாட்டை, ஒருவருக்கொருவர் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்கு அந்த நிலையத்தின் நினைவு என்றால் உங்கள் இருவரின் கடைதான். நீங்கள் வெட்டுவீர்கள், அம்மா தைப்பார். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை. எந்திரத்தின் மோட்டார் ஓடினால் வானொலியில் கரகரவென்று ஆயிரம் பேர் காகிதம் கசக்குகிற சத்தம் வரும் என்பதால், ஞாயிறு நான்கு மணிக்கு நீங்கள் கத்தரியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். இரண்டு மோட்டாரும் நின்றுவிடும். வாரம் முழுதும் சேர்த்துவைத்த பொத்தான் வேலை அப்போதுதான் வெளியே வரும். பொத்தானுக்கு ஊசி போதும், மின்சாரம் வேண்டாம். மாடி வீட்டில் அரவை எந்திரம் ஓடினால் நீங்கள் படியேறிப் போவீர்கள். அது உடனே நிற்கும். நீங்கள் அங்கே என்ன சொன்னீர்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் பல புத்தகங்களில் பல விதமான அமைதிகளைப் படித்திருக்கிறேன், பெரியம்மா. ஒரு கட்டடமே பாட்டுக்காக மூச்சடக்குகிற அமைதியை அந்தக் கடையில்தான் கேட்டேன். அந்த அரைமணியில் தைத்த பொத்தான் எதுவும் அறுந்து திரும்பி வந்ததில்லை என்று அம்மா இப்போதும் சொல்வார்.

நிலையமும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் நடந்துகொண்டது. நான்கு என்றால் நான்கு. அறிவிப்பாளர் ஒருநாளும் இருமியதில்லை. பாட்டின் நடுவில் பேசியதில்லை. கேட்டவர்களின் பெயர்களை அவர் படிக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் நாற்காலி போட்டு உட்காரவைப்பதுபோல் இருக்கும். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க வரும் அக்காவின் பெயர் ஒருமுறை வந்தது. அந்த அக்கா எழுந்து நின்றுவிட்டார். "உக்காருடி, அவருக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்லியும் பாட்டு முடியும்வரை உட்காரவில்லை. மழைக்கும் அதுதான் செய்தியாளர். எங்கோ தூரத்தில் மின்னினால் வானொலியில் பட்பட்டென்று வெடிக்கும்; உடனே அம்மா மாடிக்கு ஓடித் துணிகளை எடுத்துவருவார். கைபேசியில் அதே பாட்டுத் தெளிவாக வரும் என்று போன வாரம் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாட்டு வருது. மழை வருமா, வராதா, அதைச் சொல்ல மாட்டேங்குதே" என்றார்.

இனி அந்த அட்டைக்கு வருகிறேன். வேறு வழியில்லை. பன்னிரண்டு வருடம் முன்பு நேயர் விருப்பத்துக்கு அம்மா எழுதிப்போட்ட அஞ்சலட்டையில் பதினொரு பெயர்கள். கட்டட உரிமையாளர், அவர் மனைவி, மருமகள், பிறந்து இருபது நாளான பேரன், பொத்தான் கடைக்காரர், மாடி வீட்டு ஆசிரியை, அவருடைய மூன்று தங்கைகள், காஜா அக்கா. பதினொன்றாவதாக நீங்கள். அறிவிப்பாளர் பத்துப் பெயர்களை நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு "மற்றும் பலர்" என்றார். பாட்டு வந்தது. கடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாட்டு முடிகிறவரை, அந்தக் கோபத்திலும், நீங்கள் பேசவில்லை. அதை நான் எப்போதும் மரியாதையோடு நினைத்துக்கொள்வேன். முடிந்ததும் கேட்டீர்கள்:

"ஏண்டி, நான் மற்றும் பலரா?"

"அக்கா, வெளியாளுங்க பேரை முதல்ல போடணும்னு போட்டேன். பந்தியில வீட்டு ஆளுங்க கடைசியிலதானே உக்காருவோம்."

"கடைசிப் பந்தியில உக்கார வச்சா பரவால்லடி. இலையே போடலியே."

"படிக்காதது அவரு. நான் எழுதினேன்."

"இருபது நாள் குழந்தைக்குப் பேர் வருது. அதுக்கு இன்னும் தலையே நிக்கல. இருபது வருஷமா கத்தரி பிடிக்கிறவளுக்கு வரல."

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் நீங்கள் தனியாக ஓர் அட்டை போட்டீர்கள். கூடப்பிறந்தவர்கள் செய்த துரோகத்தைப் பற்றிய ஒரு சோகப் பாட்டு. கேட்டவர் நீங்கள் ஒருவர் மட்டும். அதற்கு அடுத்த வாரம் அம்மா ஒரு தத்துவப் பாட்டுக் கேட்டார். நீங்கள் நன்றி கெட்ட உலகத்தைக் கேட்டீர்கள். அம்மா பொறுமையே பெருமை என்றார். ஏழு வாரம் போர் நடந்தது. அறிவிப்பாளர் பாவம், எதுவும் தெரியாமல் இரு தரப்புக்கும் அதே இனிமையோடு படித்துக்கொண்டிருந்தார். நகரம் முழுக்கக் கேட்டது. எங்கள் பள்ளியில் ஆசிரியர் அறையில் பந்தயம்கூட இருந்ததாகக் கேள்வி. எட்டாவது வாரம் கடையைப் பிரித்துக்கொண்டீர்கள். பெரிய கத்தரி உங்களுக்கு, வானொலிப் பெட்டி அம்மாவுக்கு. அன்றிலிருந்து அம்மா திரைச்சீலையைக்கூட நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியால்தான் வெட்டுகிறார். புதிதாக ஒன்று வாங்கலாமே என்றால், "வெட்டுற ஆளு வேற" என்பார். இதை உங்களிடம் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டேன்.

அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை, அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, நிலையத்துக்கே போனேன். என் பெயரை எந்த அட்டையிலும் போடாதீர்கள் என்று பதினான்கு வயதிலேயே கேட்டுக்கொண்டவள் நான். முன்பின் தெரியாதவர்களிடம் குடும்ப விவகாரம் பேச எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு மேசையில் இருந்த அம்மையார் சாக்குமூட்டைகளைக் காட்டினார். கடைசி நிகழ்ச்சிக்கு வந்த அட்டைகள், ஆறு மூட்டை. "ஒரு பாட்டுக்கு மூணு பேர்தாம்மா. இல்லேன்னா பேர் படிச்சே அரைமணி போயிடும்" என்றார். நான் அழுகிற மாதிரி ஆகிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே போகச் சொன்னார்.

அறிவிப்பாளரைப் பார்த்தேன், பெரியம்மா. நாம் நினைத்ததுபோல் ஆறடி இல்லை. என் தோள் உயரம். கழுத்தில் துண்டு, கையில் வெந்நீர்க் குடுவை. ஓய்வுபெற்றவரைக் கடைசி நிகழ்ச்சிக்காகத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். "உக்காருங்கம்மா" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். காஜா அக்காவை அப்போதுதான் புரிந்துகொண்டேன். கதையை முழுவதும் சொன்னேன். அவர் குடுவையை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"பேர் படிக்க எனக்கு நாப்பது விநாடிதாம்மா குடுப்பாங்க. அதுக்குமேல போனா பாட்டைத்தான் வெட்டணும். பாட்டை வெட்டலாமா?"

"கூடாது சார்."

"அதனாலதான் ஆளை வெட்டினேன். மற்றும் பலர்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் எங்கயோ ஒரு வீட்ல சண்டை நடக்குதுன்னு தெரியும். முப்பத்தொரு வருஷமாத் தெரியும்." பிறகு பேனாவை எடுத்தார். "ரெண்டு பேர் பேரையும் குடுங்க. முதல் பாட்டுக்கு அவங்க ரெண்டு பேர் மட்டும். யாரை முதல்ல படிக்கட்டும்?"

உங்களை முதலில் படித்தால் அம்மா முகம் என்னாகும், அம்மாவை முதலில் படித்தால் இந்த நகரம் என்னாகும் என்று யோசித்து, "ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல சொல்ல முடியுமா சார்?" என்றேன்.

"ஒரு வாய்தாம்மா இருக்கு" என்றார்.

உங்கள் பெயரையே முதலில் எழுதிக்கொடுத்தேன். வயதுப்படி அதுதான் நியாயம். அந்தப் பழைய அட்டைக்குப் பதிலாகவும் அதுதான் நியாயம்.

ஆகவே ஞாயிறு நான்கு மணிக்கு உங்கள் பெயர் வரும். நகரம் முழுக்க வரும். அடுத்த மூச்சில் அம்மாவின் பெயர் வரும். அந்த நேரத்தில் நீங்கள் ஜன்னலோரத்திலும் அம்மா இங்கே பொத்தானோடும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தால், அந்த மனிதர் முப்பத்தொரு வருடம் இருமாமல் இருந்ததற்கே பொருளில்லை. இனி ஓர் அட்டை கிடையாது, அடுத்த ஞாயிறு கிடையாது. தயவுசெய்து வாருங்கள். வந்ததும் பழையதை எடுக்கவேண்டாம். "என்னடி, இளைச்சுட்டே" என்று ஆரம்பியுங்கள். அம்மாவுக்கு அது பிடிக்கும், உண்மையில்லை என்றாலும். பேசுங்கள். எதையாவது பேசுங்கள். அது ஒன்றுதான் என் வேண்டுகோள்.

பெரியப்பாவுக்கு என் வணக்கங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. அதையும் நான்கரைக்குப் பிறகே கேட்கச் சொல்லுங்கள். உங்கள் ஆசி என்றும் எனக்கு வேண்டும். கோபம் தணிந்த பிறகு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கை வெட்டிய துணியில் முதல் பாவாடை போட்டுக்கொண்ட,
தங்கை மகள்

பி.கு.: மேலே எழுதிய எதையும் நீங்கள் செய்யவேண்டாம். உறை தேடிப் போன நேரத்தில் எந்திரச் சத்தம் நின்றதை நான் கவனிக்கவில்லை. திரும்பி வந்தால் அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "அவ வருவான்னு உக்காந்திருந்தா அடுத்த ஸ்டேஷனையும் மூடிடுவாங்க. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுல நானே போறேன். ஸ்டாம்ப் ஒட்டாதே, குடு, நானே குடுத்துக்குறேன்" என்றார். எனவே இந்தக் கடிதத்தை, இதில் சொல்லப்பட்ட உங்கள் தங்கையே கொண்டுவந்து தருவார். அங்கே சரியாக எடுக்காது என்று வானொலிப் பெட்டியையும் பாதி தைத்த திரைச்சீலையில் சுற்றிப் பைக்குள் வைத்தாயிற்று. கடைசி ஒலிபரப்பு அன்று இந்த வீட்டில் எனக்குத்தான் வானொலி இல்லை. ஆகவே பெரியம்மா, ஞாயிறு நான்கு மணிக்கு எனக்குத் தொலைபேசி போட்டு, அதைப் பெட்டியின் பக்கத்தில் வையுங்கள். அந்த அரைமணி நேரம் மட்டும், உங்கள் இருவரையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், பேசாமல் இருங்கள்.