டைலர் கடைக்குப் போன நம்பர்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் நலம். உன் அப்பாவும் முதியோர் இல்லத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, எங்களைவிட நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்குக் கடிதமா என்று நினைப்பாய். அந்தப் போன்தான் விஷயமே.

பழைய கம்பி லைன்களை எடுக்கிறோம், இனி வீட்டு போனும் இன்டர்நெட்டும் ஒரே பெட்டி வழியாகத்தான் வரும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, டி.வி. சேனல் வேண்டுமா, கூடுதல் வேகம் வேண்டுமா, மாடிக்கு இன்னொரு பெட்டி வேண்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாம் தலையில் கட்டப் பார்க்கிற வேலை என்று உஷாராகி, நானும் வேண்டாம், வேண்டாம் என்று தட்டிவிட்டுக்கொண்டே வந்தேன். அதே மூச்சில் அவள், "பழைய நம்பரையே வெச்சுக்கறீங்களா சார்?" என்றும் கேட்டிருக்கிறாள். அதற்கும் வேண்டாம் என்றுவிட்டேன். கணக்கு வாத்தியாரை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வர வேண்டும் என்று உன் சித்தியிடம் பெருமை வேறு.

பெட்டி வந்தது. உன் சித்தி துணி தேய்க்க அதன் ப்ளக்கைப் பிடுங்கினால் போன் செத்துவிடும். கரண்ட் போனாலும் செத்துவிடும். கரண்ட் இல்லை என்று புகார் சொல்லவும் போன் கிடையாது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் வருகிற உன் அப்பாவின் போன் நின்றுபோயிற்று. அவருக்குச் சில நாள் உன் பெயரே நினைவுக்கு வருவதில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதே. நான் நேரில் போனால் டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டுகிறார். எங்கள் வீட்டு நம்பர் மட்டும் அவர் விரலிலேயே நிற்கிறது. புது நம்பரைப் பெரிதாக எழுதித் தலைமாட்டில் ஒட்டினேன், எவனோ விளம்பரம் ஒட்டிவிட்டான் என்று கிழித்துவிட்டார். இல்லத்துக்கு நானே கூப்பிட்டால், இப்போதுதானே பேசினாய் என்று வைத்துவிடுகிறார்.

யாரிடம் பேசினார்? பழைய நம்பரை நானே அடித்துப் பார்த்தேன். கடைத்தெருவில் புதிதாகத் திறந்த ஒரு டைலர் கடைக்குப் போயிருக்கிறது. கையோடு புறப்பட்டுப் போனேன். டைலர் தங்கமான மனிதர். காலர் தைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"ஒரு பெரியவர் தினமும் கூப்பிடறாருங்க. தம்பி சாப்டியான்னு கேப்பாரு. மொத நாள் ராங் நம்பர்னேன், அழுதுட்டாரு. அடுத்த நாள்லேர்ந்து நான்தான் தம்பின்னு சொல்லிட்டேன். மிஷின் சத்தத்தைக் கேட்டுட்டு, அங்க மழையாடாம்பாரு. ஆமாண்ணா, மழைதாம்பேன். கொடை எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டு வெச்சிடுவாரு."

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனாலும் நம்பரைத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் வாயில் வந்தது. போர்டில் எழுதியாயிற்றே என்று அவர் சங்கடப்பட்டார். கம்பெனிக்குப் போனால், அன்று நான் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார்கள். அந்த 'வேண்டாம்' எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது தெரியுமா, வகுப்பில்கூட அப்படி நான் பேசியதில்லை. அதைச் சொன்ன வாயைத் தைக்கச் சொல்லி டைலரிடமே போகலாம்.

ஆகவே, பெற்ற மகள் என்ற முறையில் நீ அந்தக் கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு மனு எழுது. மாப்பிள்ளையும் கையெழுத்துப் போடட்டும். என் அண்ணன் என்னைத் தேடிக் கூப்பிடுவது எவருக்கோ கேட்க, நான் இங்கே ஊமைப் பெட்டிக்குக் காவல் உட்கார்ந்திருப்பது எந்த ஊர் நியாயம்? நம்பர் கிடைக்கிறவரை நான் விடுவதாக இல்லை.

குழந்தைகள் நன்றாகப் படித்து, நோய்நொடி இல்லாமல் வளரட்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மனு வேண்டாம். இன்று காலை அண்ணன் கூப்பிடுகிற நேரம் பார்த்து டைலர் கடையில் போய் உட்கார்ந்தேன். மணி அடித்ததும் டைலர் மிஷினை நிறுத்திவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். "அண்ணா, நான்தான்" என்றேன். அண்ணன் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "யாருங்க பேசறது? கொஞ்சம் தம்பிகிட்ட குடுங்க."

கொடுத்துவிட்டேன்.