முன் சீற்றில் இருந்து மேற்பார்வை

மனிதரில் வேலை செய்கிறவர் உண்டு, வேலை வாங்குகிறவர் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. இன்றைக்குப் பேச்சு அதைப் பற்றித்தான். மேற்பார்வையாளர் என்று அதற்குப் பெயர். வெய்யிலில் காயாது, உப்புக்காற்றில் துருப்பிடிக்காது, கேள்வி கேட்டால் வாடாது. எங்கள் தீவுப்பகுதியில் பனைக்கு அடுத்தபடி ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல் வளருவது இதுதான்.

எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? சட்டைப் பையைப் பாருங்கள். இரண்டு பேனை இருக்கும். ஒன்று எழுதாது, மற்றது இன்னும் எழுதிப் பார்க்கப்படவில்லை. கமக்கட்டுக்குள் ஒரு கறுத்த டயறி. வாயில் ஒரே வசனம். கிணற்றுக் கட்டு இடிந்தது என்று சொல்லுங்கள், ஊசி போட ஆளில்லை என்று சொல்லுங்கள், வீடு பற்றி எரிகிறது என்றே சொல்லுங்கள், தலையை ஒரு பக்கம் சரித்துக் கேட்டுவிட்டு அது சொல்லும்: "கவனத்தில எடுத்திருக்கிறம்."

எங்கள் அப்புத்துரை அண்ணையை எடுங்கள். சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது ஒரு பிரதேச சபையின் மூத்தோர் சேவை மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவர். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். ஒன்றைச் சொன்னால் மற்றவை கோபிக்கும், எங்கட ஆளை ஏன் விட்டனி என்று.

வருகிற ஆடிக்கு அவருக்கு அறுபத்தொன்பது. ஆனாலும் 'மூத்தோர்' என்று சொல்லும்போதெல்லாம் அவருடைய கை யன்னலுக்கு வெளியே, கடற்கரைப் பக்கமாக, தூரத்தில் எங்கேயோ ஓரிடத்தைக் காட்டும். மூத்தோர் அங்கே இருக்கிறார்கள். அவர் இங்கே இருக்கிறார். தெரியாத்தனமாக யாராவது 'ஐயா' என்று கூப்பிட்டால் அன்றைக்கு அந்த ஆளின் விண்ணப்பம் அடியில் போகும். 'அண்ணை' என்றால் மேலே வரும்.

குழு மாதத்துக்கு ஒருமுறை கூடும். எங்கே? மேல்மாடியில். இருபத்திரண்டு படி, பிடிக்கக் கம்பியும் இல்லை. முறைப்பாடு உள்ள மூத்தோர் நேரில் வந்து சொல்லலாம் என்று கீழே பெரிதாக ஒட்டியிருக்கிறது. ஒருவரும் வருவதில்லை. 'முறைப்பாடுகள் எவையும் கிடைக்கப்பெறவில்லை' என்று செயலாளர் சறோஜினிதேவி ரீச்சர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதுவார். பிறகு, போன கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் இடையில் காலமான பயனாளிகளுக்காக எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம். குழுவின் வேலைகளில் தாமதமில்லாமல் நடப்பது அது ஒன்றுதான். அப்படிக் காலமானவர்களின் கோரிக்கைகளை 'நிறைவடைந்தவை' என்ற பக்கத்துக்கு மாற்றிவிட்டு எல்லோரும் இருந்து ரோல்ஸ் சாப்பிடுவார்கள்.

இந்தக் குழு மேற்பார்வை செய்வதற்கென்று ஒரு வான் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச்சங்கம் வாங்கிக் கொடுத்தது. செவ்வாய்க்கிழமைகளில் வயதான சனத்தை ஏற்றி, மண்கும்பான் கடந்து, பண்ணைப் பாலம் கடந்து, யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நல்ல வான். ஒரேயொரு குறை. பின்கதவால் ஏறுவதற்குக் காலை இடுப்பு மட்டத்துக்குத் தூக்கவேண்டும். இடுப்பு மட்டத்துக்குக் காலைத் தூக்கக்கூடியவருக்குக் கிளினிக் எதற்கு?

ஆகவே ஒரு படி வேண்டும் என்று சனம் கேட்டது. ஒரேயொரு படி. எட்டு மாதத்துக்கு முன்னால்.

முதல் மாதம், குழுவினர் படி மரமா இரும்பா என்று ஆராய்ந்தார்கள். இரண்டாம் மாதம், அன்பளிப்பாக வந்த வாகனத்தில் துளை போட்டால் தந்தவர்கள் மனம் நோவார்களோ என்று யோசித்து வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். மூன்றாம் மாதம் பதிலைக் காத்திருந்தார்கள். நான்காம் மாதம்தான் உறுப்பினர் எமிலியானுஸ் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "உண்மையில அது எவ்வளவு உயரம் எண்டு ஆராவது அளந்ததோ?" உடனே அளவெடுக்கப் போனார்கள். வானிலேயே போனார்கள். போகிற வழியில் மண்கும்பான் கடற்கரையில் இறங்கிக் காற்று வாங்கி, வடை தின்று, படமும் எடுத்துக்கொண்டு, வந்த அலுவல் ஞாபகம் வந்து அங்கேயே நாடாவைப் பிடித்தார்கள். நாலு சில்லும் அரைவாசிக்கு மணலில் புதைந்து நின்றன. நிலத்திலிருந்து ஒன்பது அங்குலம். 'உயரம் சாதாரணமானது, படி அவசியமில்லை' என்று அறிக்கை போயிற்று.

வானை ஓட்டுகிற அன்ரனிதாஸ் மட்டும் கேட்டான். "அண்ணை, கிழவியளை ஏத்த முதல் ஒவ்வொரு வீட்டு ஒழுங்கையிலயும் நான் மணல் கொட்டட்டோ?"

"கவனத்தில எடுத்திருக்கிறம்," என்றார் அப்புத்துரை அண்ணை.

நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும், அவருக்கு அந்த உயரம் தெரிய வழியில்லை. அவர் எப்போதும் முன் சீற்றில் ஏறுகிறவர். முன்கதவில் ஒரு சாண் உயரத்தில் வாகாக ஒரு மிதி இருக்கிறது.

சனம் மெல்ல மெல்லக் குறைந்தது. மாவு மூட்டை மாதிரித் தூக்கி ஏற்றினால் யாருக்குத்தான் பிடிக்கும்? பன்னிரண்டு பேர் ஏழாகி, ஏழு மூன்றாகியது. 'மூத்தோரின் சுகநிலை வெகுவாக முன்னேறியுள்ளது' என்று குழு மகிழ்ச்சியோடு பதிந்தது.

மிச்சம் இருந்தவர்களில் ஒருவர்தான் நாரந்தனைக் கரையோரத்து மனுசி மாக்கிறேற். வயது எழுபத்தாறு. ஒரு கண்ணில் முழுக்கவும் மற்றதில் முக்காலும் வெள்ளை படர்ந்துவிட்டது. மருமகள் ஜெனீற்றாவின் முகத்தை அவர் குரலால்தான் கண்டுபிடிப்பார். கண் சத்திரசிகிச்சைக்கு எட்டு மாதம் காத்திருந்து ஒரு திகதி கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை. அதை விட்டால் வரிசையின் வாலில் போய்த் திரும்ப நிற்கவேண்டும். பஸ்ஸில் போகலாம்தானே என்பீர்கள். நிற்க இடமில்லாத பஸ்ஸில், கம்பி எது, மற்றவனின் கை எது என்று தெரியாத மனுசி போகலாம்தான். நீங்கள் முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒருக்கால் போய்ப் பாருங்கள். மகன் லியோன் கடலில். ஆகவே வானுக்கு மூன்று கிழமைக்கு முதலே பெயர் பதிந்தாயிற்று.

அந்தச் செவ்வாயைத்தான் குழு தன் நேரடி மேற்பார்வைக்குத் தெரிந்தெடுத்தது.

"செவ்வாய் கிளினிக் நாள் அண்ணை," என்று அன்ரனிதாஸ் சொல்லிப் பார்த்தான்.

"அதுக்குத்தானே செவ்வாய்! சேவை நடக்கிற நாளில எல்லோ சேவையைப் பாக்கவேணும்? நீர் என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

காலை ஆறே முக்காலுக்குத் தலைவர் முன் சீற்றிலும், ரீச்சரும் எமிலியானுசும் நடுச் சீற்றிலும் ஏறினார்கள். பின்னால் மூன்று சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரைகள். மூத்தோரின் வீடுகளில் குழு இருந்து குறைகேட்பதற்குக் கதிரை இல்லாமற் போகலாம் என்பதால், அவை எப்போதும் கூடவே போகும். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்ரனிதாஸ் நேரே நாரந்தனைக்கு விட்டான்.

ஒழுங்கை முகப்பில், மதகுக் கட்டின்மேல், கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மாக்கிறேற் இருந்தார். பக்கத்தில் ஜெனீற்றா, கையில் சுடுதண்ணீர்ப் போத்தல். வானின் சத்தம் கேட்டதும் மனுசி எழுந்து சேலையைத் தட்டிவிட்டார். குழு இறங்கியது. மூன்று கதிரையும் இறங்கின. ரீச்சர் படிவத்தை எடுத்தார்.

"அம்மா, வாகனச் சேவை எப்பிடிப் போகுது?" என்றார் அப்புத்துரை அண்ணை, கதிரையில் சாய்ந்துகொண்டு.

"எங்க தம்பி போகுது? ஏழு மணிக்கு எண்டவை. இன்னும் காணேல்லை."

"வந்து நிக்குதே!"

"அப்ப ஏத்துங்கோவன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, இண்டைக்கு இது சேவையில இல்லை. மேற்பார்வையில நிக்குது."

ஜெனீற்றாவுக்கு முகம் சிவந்தது. "மேற்பார்வையோ? மாமிக்கு இண்டைக்குக் கண் வெட்டுறது. எட்டரைக்கு அங்க நிக்கவேணும்! எட்டு மாசம் பாத்திருந்து கிடைச்ச திகதி!"

"கவனத்தில எடுத்திருக்கிறம் பிள்ளை."

"கொஞ்சம் பொறுங்கோ, எழுதி முடிக்கிறன்," என்றார் ரீச்சர். "அம்மா, திருப்தி, மிகத் திருப்தி, பரவாயில்லை. இதில எது? வேற கட்டம் இல்லை."

மாக்கிறேற் கொப்பியை இடுக்கிக்கொண்டார். ஒரு கையால் வானைத் தடவிக்கொண்டு நடந்தார். பின்கதவில் கை நின்றது. விளிம்பைத் தடவி, உயரம் பார்த்து, தலையை ஆட்டினார். திரும்பி முன்பக்கம் வந்தார். தலைவர் இறங்கின முன்கதவு அப்படியே திறந்து கிடந்தது. மிதியில் காலை வைத்தார், கம்பியைப் பிடித்தார், ஏறி இருந்தார். அன்ரனிதாஸ் மற்றப் பக்கத்தால் ஓடிவந்து கதவைச் சாத்தினான்.

"அம்மா! அது தலைவற்ர சீற்!" என்று எமிலியானுஸ் பதறினார்.

"தெரியும் ராசா. அவர் பின்னால ஏறட்டும். குரலைக் கேட்டால் இளந்தாரி மாதிரியெல்லோ கிடக்கு. அவருக்கு என்ன, துள்ளி ஏறுவார்."

பாருங்கள், இந்த இடத்தில் அப்புத்துரை அண்ணை ஒரேயொரு வார்த்தை சொல்லித் தப்பியிருக்கலாம். எனக்கும் முழங்கால் நோ, எனக்கும் ஏலாது என்று. சொன்னால் என்ன ஆகும்? கடற்கரைப் பக்கம் தூரத்தில் இருந்த மூத்தோர் எல்லாரும் ஒரே நொடியில் வந்து அவரைச் சுற்றி நின்றுவிடுவார்கள். சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். பின்கதவுக்குப் போனார்.

வலது காலைத் தூக்கினார். பாதி வழியில் நின்றது. கீழே விட்டு, இடது காலைத் தூக்கினார். அது அவ்வளவும் வரவில்லை. பக்கவாட்டிலும் முயன்று பார்த்தார். விளிம்பில் வயிற்றைக் கொடுத்துத் தவழப் பார்த்தார், டயறி தடுத்தது. இரண்டு பேனையும் மதகடியில் விழுந்தன.

"மணி ஏழரை, அண்ணை," என்றான் அன்ரனிதாஸ், கண்ணாடியில் பார்த்துக்கொண்டு. "ஒன்பது அங்குலம்தானே."

ஜெனீற்றா ஒரு சிவப்புக் கதிரையைத் தூக்கிவந்து பின்கதவடியில் டக்கென்று வைத்தாள். தலைவர் அதன்மேல் ஏறினார். கதிரை ஆடியது, தலைவரும் ஆடினார். ரீச்சர் படிவத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு கையைப் பிடிக்க, எமிலியானுஸ் பின்னாலிருந்து தள்ள, மாவு மூட்டை மாதிரிப் போய் உள்ளே விழுந்தார்.

வான் பறந்தது. பண்ணைப் பாலத்தில் காற்று மூடாத யன்னலால் வந்து அவருடைய நாலு தலைமயிரையும் நெட்டுக்குத்தாக நிறுத்தியது. ஒவ்வொரு குழிக்கும் அவருடைய தலை கூரையை விசாரித்துவிட்டு வந்தது. ரீச்சர் கடமையில் கண்ணானவர். அந்த ஆட்டத்திலும் படிவத்தை விடவில்லை.

"அண்ணை, பயணியின்ர கருத்து எண்ட இடத்தில என்ன போட?"

"பின்னால பிடிக்கிறதுக்கு ஒரு கம்பி இல்லை!" என்று கத்தினார் அப்புத்துரை அண்ணை. பிறகு யோசித்தார். "அதை எழுதாதேயும்."

எட்டு மணி இருபதுக்கு மாக்கிறேற் ஆஸ்பத்திரிக் கண் வாட்டில் நின்றார். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இரண்டு கிழமை கழித்துக் குழு, தன் மேற்பார்வையின் பலனைத் தானே பார்த்து மகிழ அவருடைய வீட்டுக்குப் போனது. கறுப்புக் கண்ணாடியோடு முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப தெரியுதோ அம்மா?"

மனுசி கண்ணாடியைக் கழற்றி, தலைவரை மேலிருந்து கீழாக ஆறுதலாகப் பார்த்தார். "நல்லாத் தெரியுது. ஐயோ, அண்டைக்கு நான் உம்மை இளந்தாரி எண்டெல்லோ சொன்னனான்! கண் தெரியாமல் சொல்லிப்போட்டன், குறை நினையாதேயும் ஐயா."

அவர் 'ஐயா' என்றதைக் குழு பதியவில்லை.

அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம். மேற்பார்வை இனிமேல் புதன்கிழமை. அது நாலு நிமிடத்தில் நிறைவேறியது. மற்றது படி. சரியான அளவு எடுப்பதற்காக உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. அது இன்னும் கூடவில்லை, கூட நேரமும் இல்லை. ஏனென்றால் குழுவுக்கு இப்போது அதைவிடப் பெரிய தலையிடி ஒன்று வந்திருக்கிறது. சிவப்புக் கதிரை மூன்றில் ஒன்றைக் காணவில்லை.

கதிரை எங்கும் போகவில்லை. அதன் நாலு காலுக்கும் குறுக்கே பலகை அடித்து, கயிறு போட்டு, வானின் பின்கதவோடு அன்ரனிதாஸ் கட்டி வைத்திருக்கிறான். செவ்வாய்தோறும் இறக்கி வைப்பான். சனம் ஒவ்வொருவராக மிதித்து ஏறும். போன கிழமை ஒன்பது பேர். புதன்கிழமையில் குழு வரும். முன்கதவுப் பூட்டு புதன்கிழமைகளில் மட்டும் இறுகிவிடுகிறது என்கிறான் அவன். ஆகவே தலைவரும் ரீச்சரும் எமிலியானுசும் பின்னால்தான் ஏறுகிறார்கள். சேறு பிடித்து நிறம் மங்கிய ஏதோ ஒன்றில் கால் வைத்து, கை கொடுத்து, மூச்சு வாங்கி ஏறி, காணாமற்போன கதிரையைத் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் சந்தியிலும் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் இருந்திருப்பார். நீங்களும் வாகனத்தை மெதுவாக்கி, பாவம் என்று சொல்லி, மனதுக்குள் குறித்துக்கொண்டு, முன் சீற்றில் இருந்தபடியே கடந்து போயிருப்பீர்கள். இல்லை என்கிறீர்களா? சரி, இல்லை. அப்படியானால் இப்போது எழும்புங்கள் பார்ப்போம். எழும்பும்போது கை தானாக முழங்காலுக்குப் போகிறதா?

அப்படியென்றால் உங்கள் ஊர் வானின் உயரத்தை இன்றைக்கே போய் அளந்து வையுங்கள். மணலில் நிறுத்தி அளக்காதீர்கள்.