துரை வாத்து சுட்ட நிலத்தில் ஐந்து சென்ட்

நிலம் வாங்கப் போகிறவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். நான் நன்றாகத் திறந்துதான் வைத்திருந்தேன். (மூளையைத்தான் ஆரம்பாக்கம் பஸ் ஸ்டாப்பிலேயே விட்டுவிட்டேன்.)

எங்கள் வீடு பசியாவரத்தில். நாலு பக்கமும் ஏரி. அடைமழைக் காலத்தில் அது வீட்டுக்குள்ளும் வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். முழங்கால் தேய்ந்து வலை இழுக்க முடியாமல் போனபிறகு என் நைனாவுக்கு ஒரே ஆசை. "தண்ணி வராத எடத்துல ஒரு மழைக்காலமாவது நிம்மதியா தூங்கணும்டா" என்பார். அம்பத்தூர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரே மகன் நான். அந்த ஆசையை நிறைவேற்றாமல் விடுவேனா?

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஒரு பழைய ஜமீனின் வேட்டை நிலம் இருந்தது. பேரப்பிள்ளைகள் பாகம் பிரித்து, கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனி மாத வெயிலில் புரோக்கர் எங்களை அழைத்துப் போய்க் காட்டினார்.

"கௌரவமான எடம் சார். அந்தக் காலத்துல தை மாசமானா வெள்ளக்காரத் தொரைங்க வந்து, கூடாரம் போட்டுத் தங்கி வாத்து சுடுவாங்க."

நாங்கள் பூரித்துப் போனோம். துரை நின்ற இடத்தில் நாம் நிற்கப் போகிறோம்! அங்கே வாத்துக்கு என்ன வேலை என்று இருவரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். நைனா வாழ்நாள் முழுக்க வாத்துகளுக்கு நடுவில் வலை போட்டவர். நானோ அந்த வாத்துகளைக் காட்டித்தான் எண்ணவே கற்றுக்கொண்டவன். ஆனால் தரை அன்று பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நைனா குதிகாலால் இரண்டு தரம் ஓங்கி மிதித்துப் பார்த்தார்.

"கெட்டியா கீதுடா" என்றார். மண் பரிசோதனை அத்துடன் முடிந்தது.

ஐந்து சென்டுக்காகப் படகை விற்றோம். சித்தப்பா மகன் ஏழுமலைதான் வாங்கினான். "தரைல இருக்கப் போறவனுக்கு இன்னாத்துக்குடா போட்டு?" என்று நைனா சிரித்தபடி கொடுத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மழைக்காலத்தில் சேற்றை மிதித்துக்கொண்டு யாராவது நிலம் பார்க்கப் போவார்களா? நாங்கள் போகவில்லை. தையில் நல்ல நாள் பார்த்து, பூமி பூஜைக்குச் சொந்தக்காரர்களை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். வழி நெடுக நான் துரை கதையை அளந்துகொண்டே வந்தேன்.

வேன் நின்றது. அதற்கு மேல் ரோடு தண்ணீருக்குள் போனது. மனை எண்கள் எழுதிய போர்டு தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, அதைச் சுற்றி வாத்துகள். புரோக்கர் சொன்ன தை மாசத்துக்குச் சரியாக வந்திருந்தன.

என் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாடா இது, அவ்ளோ தூரம் சுத்திக்கினு வந்து மறுபடியும் நம்ம ஏரிக்கே இட்டாந்துட்ட?"

வேன் முழுக்கச் சிரிப்பு. புரோக்கருக்கு போன் போட்டேன். "ரெண்டு மாசம் பொறுங்க சார், தானா வத்திடும்" என்றார்.

ஏழுமலை நல்ல மனதோடுதான் கேட்டான். "பெரிப்பா, நம்ம போட்டை எடுத்தாரட்டா? போய்க் கல்லு வச்சுட்டு வந்துரலாம்."

மஞ்சள் பூசிய செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நைனா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தண்ணியப் பத்திக் கேளு, சொல்றேன். தரையப் பத்தி எனக்கு இன்னாடா தெரியும்?" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. (பூஜைப் புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டேன். கற்பூரம் இன்னும் ஏற்றவே இல்லை.)

அந்த நிலத்தை வாங்க இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. மழைக்காலம் வந்தால், நைனா ஏழுமலையிடம் படகை இரவல் கேட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஏரி வழியாகவே தன் நிலத்துக்குப் போய்வருகிறார். போர்டைப் பார்த்து இடம் கண்டுபிடித்து, அங்கே ஒரு சின்ன வலையை வீசுகிறார்.

அதனால் எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால், தட்டில் கை வைக்கும் முன் யாராவது கேட்டே தீர வேண்டும். "ஏரி மீனா, நெலத்து மீனா?"

"சொந்த நெலத்துல வெளஞ்சது" என்பார் நைனா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நாங்கள் எல்லோரும் சிரிப்போம். சிரித்துக்கொண்டே, தட்டோடு காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொள்வோம். வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும்.