சேதுராமன் கட்டிய பாலம்

பழைய வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் உயரமாகிவிடுகிற ஓர் இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாதாரண நாளில் கடைத்தெருவில் நம்மை உரசிக்கொண்டு நடப்பவர்தான். எங்கேயோ ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழட்டும், கணக்கெழுதியவர் ‘நிர்வாகம் செய்தேன்’ என்பார், கதவைத் திறந்துவிட்டவர் ‘வரவேற்புப் பொறுப்பு’ என்பார், ஒருநாள் நாலு பேருக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்தவர் ‘தொழிலாளர் நலன்’ என்று தொண்டையைச் செருமுவார்.

காஜா பேராங் என்கிற எங்கள் ஊர்ச் சேதுராமன் அந்த இனத்தில் அசல்.

சுதந்திரம் கிடைத்த மறுவருடம், அவர் கிராணியாக இருந்து கணக்கெழுதிய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். வாடகை வீடு, மனைவி சாரதாம்பாளுக்கு நிறைமாதம். கிளேபாங்கில் வீடுகள் கட்டும் கம்பெனிக்கு, வேலைகளை முன்னின்று நடத்த ஆள் தேவையாம். உடனே கண்ணாடி முன் ஒத்திகை தொடங்கியது.

“ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினேன்!”

“நீங்களா?” என்றாள் சாரதாம்பாள். “பாலம் கட்டுறப்ப தோட்டத்துத் துரைக்குக் குடை பிடிச்சதாத்தானே சொன்னீங்க?”

“குடை பிடிச்சவன் பாலத்துக்குப் பக்கத்துல நின்னானா இல்லையா?”

சாரதாம்பாள் அவருடைய சட்டையை இஸ்திரி போடப் போனாள்.

கம்பெனி முதலாளி ஷரீஃபுதீன் பாலக் கதையைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “பாலம் கட்டுறப்ப நல்ல மழை பெய்ஞ்சிருக்கும். ஆளுங்க வேலையைப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பாங்க. என்ன செஞ்சீங்க?” என்றார்.

“திட்டமிட்டு… ஒருங்கிணைத்து…” என்று இழுத்தார் சேதுராமன். பாலம் அங்கேயே இடிந்தது. “குடை பிடிச்சேன், முதலாளி.”

“அவ்வளவுதானா?”

“துரை அவங்களை ஏசச் சொன்னாரு. எனக்கு மனசு வரல. போய் விசாரிச்சேன். காலையிலேர்ந்து யாரும் பசியாறல. மண்ணு ஏத்தப்போன லோரியைத் திருப்பி, சாப்பாடு கொண்டாரச் சொன்னேன். அப்புறம் அவங்களே எழுந்து வேலையைப் பார்த்தாங்க.”

“இதை ஏன்யா முதல்ல சொல்லல?”

“இதெல்லாமா அனுபவம்?” என்றார் சேதுராமன். நடிப்பில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியாது.

ஷரீஃபுதீன் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

சாலையில் நடக்கும்போது சேதுராமனுக்குத் தன்னை நினைத்தே வெட்கமும் சிரிப்புமாக வந்தது. இனிமேல் உள்ளதை மட்டுமே பேசுவதென்று உறுதி செய்துகொண்டார். அந்த உறுதி வீட்டு வாசல்வரை தாங்கியது.

“என்னங்க ஆச்சு?”

“நான் பேசப்பேச முதலாளி அசந்துபோயிட்டாரு, சாரதா!”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், போன வாரம் சம்பந்தி வீட்டில் உங்கள் உத்தியோகத்தைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.