என் தும்மலுக்கு ஒரு லோகோ

கீழ்க்கட்டளை,
திங்கட்கிழமை காலை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் தாவீது அவர்களுக்கு, ஏசுதாசன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நானும், உங்கள் அக்கா ரோஸியும், மகள் கிருபாவும் சுகம். சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதியிருக்கிறேன். என் விஷயத்தில் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். தாம்பரத்தில் உங்கள் முழங்காலும் தண்ணீர் மோட்டாரும் சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். போன தடவை நான் சொன்ன குடும்ப விஷயத்துக்கு, பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் ஆலோசனை சொன்னார்.

கிருபா சிறுசேரி வேலையை விட்டது உங்களுக்குத் தெரியும். இனிமேல் படம் வரைவதுதான் தொழில் என்றாள். சபையில் கேட்டவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள் என்று சொல்லி வைத்தேன். வீட்டில்தான் இருந்தாள், வேலைதான் வரவில்லை. பிள்ளை முகம் வாடிப்போய், சாப்பிடக் கூப்பிட்டால்கூட "அப்புறம்பா" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்த நேரத்தில்தான் அவளோடு படித்த சத்யப்ரியா கோவிலம்பாக்கத்திலிருந்து வந்து, குழந்தைகளுக்கு வாய்ப்பாடு கற்றுத்தரும் ஒரு கேம் செய்திருப்பதாகவும், கிருபாதான் அதற்கு பிராண்டு உருவாக்கித் தர வேண்டும் என்றும் கேட்டாள். நான் சந்தோஷப்பட்டு, "பல்லாவரத்துல நல்ல போர்டு எழுதுறவர் இருக்கார், கூட்டிட்டு வரட்டுமா" என்றேன். "அப்பா, பிராண்டுன்னா போர்டு இல்லப்பா. பேரு, படம், கலர், சத்தம் எல்லாம் சேர்ந்தது. பார்த்தவுடனே இது நம்மளதுன்னு குழந்தைக்குத் தோணணும்" என்றாள். நானும் விடாமல் 'கணித ஞான தீபம்' என்று ஒரு பெயர் சொன்னேன். இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போய்ச் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஹால் சுவர் முழுக்க மஞ்சள் காகிதம். எது நல்ல மஞ்சள் என்று கேட்டாள். எல்லாமே மஞ்சளாகத்தான் இருக்கிறது என்றேன். உங்கள் அக்கா கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, "இது சாம்பார், இது காமாலை, இது ஆட்டோ" என்று பிரித்துக் கொடுத்தாள். கிருபா அதை அப்படியே ஒப்புக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை, தெருப் பிள்ளைகளையெல்லாம் ஹாலில் உட்காரவைத்து, வரைந்த படங்களைச் சுவரில் ஒட்டிக் காட்டினாள். கோட்டு போட்ட ஆந்தை, ராக்கெட் ஓட்டும் யானை, இன்னும் என்னென்னவோ. "ஆந்தைக்கு வேர்க்காதா அக்கா" என்று ஒரு பொண்ணு கேட்டது. மற்றதுகள் முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. கிருபா முகம் விழுந்துவிட்டது. சத்யப்ரியா போனை எடுத்து விரலால் சும்மா தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா உங்கள் அக்கா அடுப்படியில் காய்ந்த மிளகாயைத் தாளிக்க வேண்டும்? என் தும்மல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தில் சபை ஐயர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினாரே, அதைவிட இது பெரிசு. ஹா, ஹா, என்று இழுத்து இழுத்து, கடைசியில் ஹாச்சூ என்று போட்டேன் பாருங்கள், ஆந்தை சுவரிலிருந்து கழன்று கீழே விழுந்தது. பிள்ளைகள் தரையில் உருண்டு உருண்டு சிரிக்குது. "இன்னா தாத்தா, சூப்பரா கீது, இன்னொரு தபா உடு தாத்தா" என்று ஒன்று என் வேட்டியைப் பிடித்து இழுக்குது. சத்யப்ரியா போனைக் கீழே வைத்துவிட்டு, "கிருபா, இதான்டி" என்றாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததால் எது இதான் என்று விளங்கவில்லை.

மறுநாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, "அப்பா, உங்க மீசையையும் மூக்கையும் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா" என்று கேட்டாள். பேப்பர் மும்முரத்தில் "எடுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டேன். எடுத்துக்கொண்டாள். கேமுக்குப் பெயரே 'ஹாச்சூ'. படம், உருண்டையான ஒரு தாத்தா. என் மூக்கு, என் மீசை, ஏன், என் வலது காது மடங்கியிருப்பது வரைக்கும். அவர் தும்மினால் மூக்கிலிருந்து எண்களெல்லாம் சிதறுமாம், பிள்ளைகள் அதைப் பொறுக்கி வாய்ப்பாடு சேர்க்க வேண்டுமாம். ஆட்டோ மஞ்சளில் போஸ்டர் அடித்து, மேடவாக்கம் ரோட்டில் ஸ்கூல் வேன்களின் முதுகிலெல்லாம் ஒட்டிவிட்டார்கள். சிக்னலில் நான் நின்றால், முன்னால் நானே நிற்கிறேன்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நேற்று ஆராதனையில் வேதபாடம் வாசிக்க எழுந்தேன். கோத்திரம் கோத்திரமாக ஜனத்தொகை எண்ணிக்கை வருகிற பகுதி. ஒரு தொகையைச் சொல்லி மூச்சு வாங்க நிறுத்தினேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை, "ஹாச்சூ" என்றது. உடனே பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, பாடகர் குழுவில் ஒன்று. ஐயர் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. கமிட்டிச் செயலாளர் தேர்தலில் நான் நிற்கிறேன், எதிர்த்து நிற்பது சுவிசேஷமுத்து. வாசலில் அவர் என் கையைக் குலுக்கி, "அண்ணே, உங்களுக்குச் சின்னம் கிடைச்சிருச்சு போல" என்றார். மானம் போச்சு மச்சான்.

நேற்று சாயங்காலமே படத்தை எடுக்கச் சொல்லிவிடுவது என்று அவள் அறைக்குப் போனேன். மீசையை முடி முடியாக வரைந்துகொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. அவள் முணுமுணுத்து எத்தனை நாளாயிற்று. என்னைப் பார்த்ததும், "வாங்கப்பா, கரெக்டா வந்தீங்க" என்று என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் மெதுவாகத் திருப்பி, "எந்தப் பக்கம்பா நரை ஜாஸ்தி" என்று கேட்டாள். "இடது பக்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்னால் முடியாது. நீங்கள் தாய்மாமன். வந்து பக்குவமாக, பிள்ளை மனசு நோகாமல், தாத்தாவை எடுத்துவிட்டு வேறு எதையாவது வைக்கச் சொல்லுங்கள். எதுவானாலும் சரி, எனக்கு மூக்கு திரும்பக் கிடைத்தால் போதும். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

வீட்டில் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் முழங்காலைத் தாங்கி, மாடிப்படி ஏறும் பெலன் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
சோ. ஏசுதாசன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது சத்யப்ரியாவிடமிருந்து போன். சிறுசேரியில் கேமுக்குப் பணம் போடுகிறவர்கள், வயசானவர் தும்முவது சுகாதாரக் குறைவாக இருக்கிறது, கைக்குட்டை வைத்த முயலாக மாற்றிவிடுங்கள் என்கிறார்களாம். கிருபா "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, காபி குடித்து முடிக்கிற வரைக்கும். முயல் தும்மினா யாருக்கு மச்சான் கேட்கும்? அதைப் பார்த்து எந்தப் பிள்ளை உருண்டு சிரிக்கும்? மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை அவர்கள் மீட்டிங் வைத்திருக்கிறார்கள், நானும் கிருபாவோடு போய் நேரிலேயே தும்மிக் காட்டப் போகிறேன். கீழ்க்கட்டளைக்கு வர வேண்டாம், நேராக சிறுசேரிக்கு வந்துவிடுங்கள். வேண்டும் என்கிற நேரத்தில் தும்மல் வந்து தொலையாது. வரும்போது காட்டமான மூக்குப்பொடியாக ஒரு மட்டை வாங்கி வரவும்.