வயிற்றுப்புண் மாத்திரையும் என் மகளும்

தொப்பூர்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மாதவராஜ் அவர்களுக்கு மாமனார் மாரப்பன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். ஓசூரில் நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் மனைவிதான் பதினைந்து நாளாக இங்கே இருக்கிறாளே. போனில் பேசலாமென்றால் எழிலரசி பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறாள். அதனால் கடிதமாக எழுதி, ஓசூருக்கு லோடு ஏற்றிப் போகும் டிரைவர் முருகேஷிடம் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எனக்கு வயிற்றில் புண் என்று தருமபுரி டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னது உங்களுக்குத் தெரியும். தினம் ஒரு கேப்சூல், எட்டு வாரம், காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் என்று எழுதிக் கொடுத்தார். ஓட்டல்காரனுக்கு ஏது மாப்பிள்ளை வெறும் வயிறு? விடியற்காலை ஐந்து மணிக்குச் சாம்பார் இறங்கினால் முதல் கரண்டி என் நாக்கில்தான் விழ வேண்டும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். அப்புறம் சட்னி, குருமா, ஒரு டீ. ருசி பார்ப்பது வேலை, அது சாப்பாட்டில் சேராது என்று சொன்னேன். "வேலையோ வெட்டியோ, வயித்துக்குள்ள போனா சோறுதாம்ப்பா" என்று எழிலரசி கரண்டியைப் பிடுங்கிவிட்டாள். இப்போது நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்லாவில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், மாஸ்டர் ராஜாமணி உப்புப் பார்க்கிறான். பிரஷருக்காக உப்பை விட்டு மூன்று வருஷம் ஆனவன், எதை வாயில் வைத்தாலும் கரிக்கிறது என்கிறான். செவ்வாய்க்கிழமை சாம்பாரில் உப்பே இல்லை. ஒரு லாரி டிரைவர், "என்னங்க, ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்று கடை நிறைந்த கூட்டத்தில் கேட்டார். இந்தக் கணவாயில் மானம் போனால் பெங்களூர் வரைக்கும் போகும்.

இன்னும் கேளுங்கள். மூன்றாம் வாரமே எரிச்சல் நின்றுவிட்டது. நின்ற பிறகு எதற்கு மாத்திரை என்று நிறுத்தினேன். வீணாக்க மனமில்லாமல், வயிறு எரிகிறது என்று சொன்ன இதே முருகேஷுக்கு ஓர் அட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். "அவருக்கு என்ன வியாதின்னு உனக்குத் தெரியுமா? நீ என்ன டாக்டரா?" என்று அவர் முன்னாலேயே கேட்கிறாள். டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லி, மறுபடி மாத்திரையை ஆரம்பிக்க வைத்தாள். விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதே என்று கேப்சூலைத் திறந்து உள்ளே இருந்த குருணையை மோரில் கலக்கினால், அதற்கும் குற்றம். முழுசாக விழுங்க வேண்டுமாம். மோரை டம்ளரோடு வாங்கிக் கொட்டினாள்.

அதையும் பொறுத்தேன். நேற்று துவைக்க எடுத்த என் சட்டைப் பையில் செட்டு மாத்திரையைப் பார்த்துவிட்டாள். மெடிக்கலில் முட்டிவலி என்று சொன்னால் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்களே, அதுதான். நாளெல்லாம் நிற்கிறவனுக்கு அது இல்லாமல் பொழுது நகராது, மூன்று வருஷமாகப் போடுகிறேன். "அதுதாம்ப்பா வயித்தைப் புண்ணாக்குது! வேற மாத்திரை எதாச்சும் போடறீங்களான்னு டாக்டரு கேட்டாரே, ஏன் சொல்லலே?" என்று கத்துகிறாள். அவர் வயிற்று டாக்டர், வயிற்றுக்கு வேறு மாத்திரை உண்டா என்று கேட்டதாக எடுத்துக்கொண்டேன், இல்லை என்றேன். முட்டிக்குப் போடுவதை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

இன்று எல்லை மீறிவிட்டது. இரண்டு நாளாக வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாக இருக்கிறது என்று உங்கள் அத்தை கோவிந்தம்மாளிடம் வாய்தவறிச் சொன்னேன். ராகிக் களி தின்கிறவனுக்கு வேறு எந்த நிறத்தில் போகும்? அது இவள் காதுக்குப் போய், "உள்ள ரத்தம் கசியுதுப்பா, இப்பவே கிளம்பு" என்று கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருக்கிறாள். மதியக் கூட்டம் வருகிற நேரம். ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கட்டிக் கொடுத்த பெண், அதிகாரம் செய்வதை அங்கே வந்து செய்யட்டும்.

தீர்த்தமலை ஈஸ்வரன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், ஞாயிறு வரைக்கும் எனக்குப் பொறுமையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்,
மாரப்பன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவன் அப்படியே கல்லா மேல் சாய்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மதியம், தருமபுரி ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகு இதை எழுதுகிறேன். கசிவை நிறுத்திவிட்டார்கள். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டங்க" என்றார் டாக்டர். பயந்துபோனேன் மாப்பிள்ளை, அழுதும்விட்டேன். பார்க்க வந்த முருகேஷை இந்த டாக்டரிடமே வயிற்றைக் காட்டச் சொல்லிவிட்டு, கடிதத்தை அவரிடமே கொடுக்கிறேன். போனில் எழிலரசி உங்களிடம் "ஒண்ணுமில்லீங்க, சும்மா செக்கப்பு, அலைய வேணாம்" என்று சொன்னதைக் கேட்டேன். நம்பாதீர்கள், உடனே கிளம்பி வாருங்கள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் வந்து அவளை நாலு இட்லி சாப்பிட வையுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள்.