பித்தப்பை காணாமல் போன விவரம்

டாக்குரியா,
கல்கத்தா

சிரஞ்சீவி பட்டாபிராமனுக்கு அத்திம்பேரின் ஆசீர்வாதம். இங்கே மூவரும் சௌக்கியம், ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளாதது தவிர. அங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த வீட்டில் காலைக் காபி இனிமேல் குளித்த பிறகே என்று சென்ற செவ்வாயன்று முடிவாகியிருக்கிறது. முடிவை எடுத்தது நான். அறிவித்தபோது உன் அக்கா விஜயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்; நிமிரவில்லை. தீப்தியின் பரீட்சை என்னவாயிற்று என்று அவளிடம் போனில் கேட்டாயாம். "உன் அத்திம்பேரையே கேட்டுக்கோ" என்று வைத்துவிட்டாளாம். ஆகவே எழுதுகிறேன்.

குழந்தை டாலிகஞ்சில் இரண்டு வருஷமாக அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் படிப்பு படித்தது உனக்குத் தெரியும். மாலையில் நான் சோபாவில் சாய்ந்தால் டிவி ரிமோட்டை என் வயிற்றில் அழுத்தி, "மூச்சை இழுங்கோ, பிடிச்சுக்கோங்கோ" என்பாள்; செய்தி மாறி சீரியல் வரும். செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஓர் ஆளைக் கூட்டிவந்து, வெளியிலிருந்து வரும் டாக்டரம்மா முன்னால் அவர் வயிற்றை ஸ்கேன் செய்து காட்ட வேண்டும். பாஸானால் நியூ டவுனில் ஒரு மருத்துவமனையில் வேலை தயார். தீப்தி அம்மாவைக் கூப்பிட்டாள். துறைமுகத்தில் ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவனின் வயிறு இருக்க வேறு வயிறு எதற்கு என்று நான்தான் வற்புறுத்தினேன். வற்புறுத்தியிருக்கக் கூடாது.

முதல்நாள் இரவுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்றாள். அப்படியே இருந்தேன். இட்லி இருந்த பக்கம்கூடத் திரும்பவில்லை. விடிந்ததும் வழக்கம்போல ஒரு டம்ளர் காபி, அவ்வளவுதான். ஏகாதசியில் பெருமாளே ஆட்சேபிக்காத ஒன்றைப் பித்தப்பை ஆட்சேபிக்கும் என்று யார் நினைப்பார்கள்? பால் உள்ளே போனால் அது சுருங்கிவிடுமாம்.

மேஜையில் படுத்தேன். கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் கேட்ட இடத்தில் இருந்தன. பித்தப்பையைக் காட்டச் சொன்னதும் தீப்தி கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு, "சுருங்கியிருக்கு மேடம். இவர் பட்டினியா வரல" என்று வங்காளியில் சொன்னாள். அதுதான் சரியான பதில் என்று பிறகு தெரிந்தது. டாக்டரம்மா என் பக்கம் குனிந்து, "காலையில ஏதாவது உள்ள போச்சா, மேசோமொஷாய்?" என்று பெரியப்பா முறை வைத்துக் கேட்டாள். துளியும் இல்லை என்றேன். அதோடு நிற்காமல், பெண் பதற்றத்தில் ஏதோ சொல்கிறாள், மன்னிக்க வேண்டும் என்றும் சேர்த்தேன்.

தீப்தி தமிழில் கேட்டாள்: "அப்பா, காபி குடிச்சேளா?"

"காபிதானேடி."

"என்ன சொல்றார்?" என்றாள் டாக்டரம்மா. தீப்தி என்னைப் பார்த்தாள். வயிறெல்லாம் ஸ்கேன் பசையோடு நான் கிடந்தேன். "ஒண்ணும் சாப்பிடலயாம் மேடம்" என்றாள். பித்தப்பையை அடையாளம் காணத் தெரியவில்லை என்று ஃபெயில் போட்டார்கள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் பாஸாயிருப்பாயே என்று பஸ்ஸில் கேட்டேன். "அவா முன்னாடி உங்களைப் பொய் சொன்னவரா ஆக்கணுமா?" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பொய் சொல்லவில்லை என்று அங்கேயே விளக்கியிருப்பேன். அதற்குள் கண்டக்டர் வந்தார்; டாக்குரியாவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

போகட்டும். டிசம்பரில் மறுதேர்வு. குழந்தை மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் நான்தான் போகிறேன். அதற்காகவே காபியைப் படிப்படியாகத் தள்ளிக்கொண்டு வருகிறேன். நியூ டவுனுக்கும் நானே போன் செய்து, அதுவரை வேலையை நிறுத்திவைக்கச் சொன்னேன். "பார்க்கலாம்" என்று மரியாதையாகவே சொன்னார்கள். கவலைக்கு இடமில்லை. உன் குழந்தைகள் நன்றாகப் படித்து, அப்பாவைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லாத பரீட்சைகளில் தேறட்டும்.

இப்படிக்கு,
ஸ்ரீநாத்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தீப்தி வந்தாள். மறுதேர்வுக்கு எதிர் ஃப்ளாட் மன்னி, மேக்னா பௌதி, வருகிறாளாம். நியூ டவுன் வேலையில் அவளோடு படித்த சந்தீப் திங்கட்கிழமை சேர்ந்துவிட்டான்.